பெருந்தமனி அறுவையின்போது குடலுக்கு ரத்தம் போகிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

#1 மூன்றாமாண்டு_மயக்கம்

வணக்கம். மயக்கவியல் முதுநிலை, மூன்றாம் ஆண்டு. பத்து நாட்களாக ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வயிற்றுப் பெருந்தமனி அனூரிசம், அதாவது தமனி பலூன் போல உப்பியது. வயிற்றைத் திறந்து செய்தோம். பெருந்தமனியை இறுக்கிப் பிடித்த கிளாம்ப் நேரம் 70 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ரத்த இழப்பும் பெரிதாக இல்லை. கிராஃப்ட் எனும் செயற்கைக் குழாயைத் தைத்து கிளாம்பை எடுத்ததும் சர்ஜன் சிக்மாய்டு குடலை, அதாவது மலக்குடலுக்கு மேலே உள்ள பெருங்குடல் வளைவை, தூக்கிப் பார்த்தார். "நல்ல பிங்க், அசைவும் இருக்கிறது" என்றார். ஐஎம்ஏ-வை, அதாவது கீழ்க்குடல் தமனியை, கட்டிவிட்டு வயிற்றை மூடினார். மறுநாள் இரவு நோயாளிக்கு இரண்டு முறை தண்ணீராகப் போனது. இரண்டாவது முறை ரத்தம் கலந்திருந்தது. ஆசனவாய் வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்தால் சிக்மாய்டில் அங்கங்கே வெளுப்பு, புண். நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை. பட்டினி போட்டு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் தேறிவிட்டார்.

அன்று என் திரையில் தமனி பிபி, இசிஜி-யில் எஸ்டி, நெற்றியில் மூளைக்கான ஆக்சிஜன் பட்டை, மணிவாரிச் சிறுநீர், இரண்டு இடத்தில் வெப்பநிலை எல்லாம் இருந்தன. மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் காவல் போட்டிருந்தோம். குடலுக்கு மட்டும் சர்ஜனின் கண். இது போதுமா? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

#2 பழைய_கிளாம்ப்

கண் என்று இளக்காரமாகச் சொல்லிவிட்டீர்களே அம்மா. அந்தக் கண்ணுக்குப் பின்னால் நிறைய கணக்கு ஓடுகிறது. துணித்திரைக்கு இந்தப் பக்கம் நடப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு அறுவைக்கு முந்தைய சிடி ஸ்கேனிலேயே தொடங்குகிறது. ஐஎம்ஏ திறந்திருக்கிறதா, அல்லது அனூரிசத்தின் உள்ளே படிந்த ரத்தக்கட்டி அதை முன்பே அடைத்துவிட்டதா? முன்பே அடைந்திருந்தால் குடல் பல வருடமாகப் பக்கவழியில், மற்றத் தமனிகளின் கிளைகள் கொண்டுவரும் ரத்தத்தில், பிழைத்துப் பழகிவிட்டது, அதைக் கட்டுவதில் புதிதாக ஒன்றும் பறிபோகாது. பெரிதாகத் திறந்திருக்கும் ஐஎம்ஏ-தான் பயம். அடுத்து எஸ்எம்ஏ, மேற்குடல் தமனி. அதன் வாயில் சுருக்கம் இருந்து, குடல்தாங்கியில் வளைந்து நெளிந்து ஒரு தடித்த தமனி தெரிந்தால் நின்று யோசிக்க வேண்டும். ரியோலான் வளைவு என்பார்கள். அந்த நோயாளிக்கு ஐஎம்ஏ-தான் மேலே இருப்பவற்றுக்கும் சோறு போடுகிறது. அதைக் கட்டினால் சிக்மாய்டு மட்டுமல்ல, சிறுகுடலும் போகும். மூன்றாவது, இடுப்புக்குள் ரத்தம் கொண்டுபோகும் உள் இலியாக் தமனிகள்: இரண்டில் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். நான்காவது, முன்பு பெருங்குடலில் ஏதாவது வெட்டி எடுத்திருக்கிறார்களா? எடுத்திருந்தால் குடலோரமாக ஓடும் டிரம்மண்ட் தமனி அந்த இடத்தில் அறுந்திருக்கும், பக்கவழி என்று நம்பியது பாதியில் நிற்கும்.

அறுவையின்போது அனூரிசப் பையைத் திறந்ததும் ஐஎம்ஏ வாயிலிருந்து ரத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்போம். துள்ளி வந்தால் நல்லது. வாய் திறந்திருந்தும் ஈரக்கசிவாக மட்டும் வந்தால் அதைக் கட்டக்கூடாது, வாயைச் சுற்றிச் சுவரோடு ஒரு பொத்தான் போல வெட்டி கிராஃப்டில் தைக்க வேண்டும். கட்டுவதென்றாலும் பையின் உள்ளிருந்து, வாயோடு ஒட்டிக் கட்ட வேண்டும். வெளியே தள்ளிக் கட்டினால் இடது பெருங்குடல் கிளை பிரியும் இடம் மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் "பிங்க்" என்ற வார்த்தை.

#3 ஊசிமுனை

பழைய_கிளாம்ப் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வி அங்கேயேதான் நிற்கிறது. அந்த "பிங்க்" எதன் நிறம்?

நீங்கள் பார்ப்பது வெளிச்சவ்வு. குடலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதியைத் தின்பது உட்சவ்வு. ஓட்டம் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அதுதான். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. உட்சவ்வில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சி ஒவ்வொன்றிலும் மேலே ஏறும் தமனியும் கீழே இறங்கும் சிரையும் ஒட்டியபடி ஓடுகின்றன. ஆக்சிஜன் நுனிவரை போகாமல் அடியிலேயே தமனியிலிருந்து சிரைக்குத் தாவிவிடும். ஓட்டம் மெதுவானால் இந்தத் தாவல் இன்னும் கூடும். எனவே நுனி முதலில் சாகும். தசையும் வெளிச்சவ்வும் அப்போதும் நன்றாகவே இருக்கும், குடல் அசையவும் செய்யும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் மங்களமாகத் தெரியும்.

வெளியே கருத்துப்போன குடலைக் கண் தவறவிடாது. உள்ளே மட்டும் செத்த குடலைக் கண் பார்க்கவே முடியாது. முதலாமாண்டுக்காரர்களிடம் நான் சொல்வது இது: சர்ஜன் "கருப்பு" என்றால் நம்பு, "பிங்க்" என்றால் குறித்துக்கொள்.

#4 திசுக்கண்ணாடி

நோயியல் பக்கத்திலிருந்து ஒரு சிறு திருத்தம். ஐஎம்ஏ-வைக் கட்டிப் பாதிக்கப்படுவது பெருங்குடல். பெருங்குடலில் குடலுறிஞ்சி கிடையாது. ஊசிமுனை சொன்ன எதிரோட்டக் கதை சிறுகுடலுக்குத்தான் நேராகப் பொருந்தும். முடிவு மட்டும் அதேதான்: பெருங்குடலிலும் முதலில் போவது உட்சவ்வு. மேற்பரப்பு உதிர்ந்து, கிரிப்ட் எனும் குழிகள் சுருங்கி, அப்புறம்தான் கீழே இறங்கும்.

#5 ஊசிமுனை

ஒப்புக்கொள்கிறேன். வேகத்தில் சிறுகுடலையும் பெருங்குடலையும் கலந்துவிட்டேன்.

#6 மூன்றாமாண்டு_மயக்கம்

ஆக்சிஜன் போதாத திசு ரத்தத்தில் விடும் லாக்டேட்டை அரைமணிக்கொரு முறை பார்த்தால் போதாதா? அன்று கிளாம்ப் எடுத்த பிறகு 3.8 வரை போய் இறங்கியது. நாங்களும் நிம்மதியானோம்.

#7 ஊசிமுனை

கிளாம்ப் எடுத்த பிறகு ஏறும் லாக்டேட் யாருடையது? ஒரு மணிநேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் கிடந்த இரண்டு கால்களும் கழுவி அனுப்பியது. குடலிலிருந்து வருவது முதலில் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் நல்ல நிலையில் இருந்தால் அதில் பெரும்பங்கை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டடி நீளச் சிக்மாய்டு அழுவது தமனி லாக்டேட்டில் கேட்காது. ஏறி இறங்கினால் ஆறுதல், அவ்வளவுதான். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நின்றாலோ, இறங்கிவிட்டு ஆறு மணிநேரம் கழித்து மறுபடி ஏறினாலோ, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

#8 பழைய_கிளாம்ப்

இரண்டடிச் சிக்மாய்டா? அவ்வளவு நீளம் எல்லோருக்கும் கிடையாது தம்பி. :)

சரி, நீங்கள் கேட்பது எண் என்றால் என்னிடம் ஒரு பழைய எண் இருக்கிறது. ஐஎம்ஏ அடிக்கட்டை அழுத்தம். 1978-ல் எர்ன்ஸ்டும் கூட்டாளிகளும் எழுதியது. ஐஎம்ஏ வாய்க்குள் ஒரு சிறு கேனுலாவை நுழைத்து, திரும்பி வரும் ரத்தத்தின் சராசரி அழுத்தத்தை அளக்க வேண்டும். 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால், அல்லது உடலின் சராசரி அழுத்தத்தோடு ஒப்பிட்ட விகிதம் 0.4-க்கு மேல் இருந்தால், கட்டலாம். கீழே இருந்தால் தைத்து இணை. இதற்கு எந்தப் புதுக் கருவியும் வேண்டாம். மயக்கவியலாளரின் அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசரில் இன்னொரு குழாய் மாட்டினால் போதும்.

ஒரு நுணுக்கம். இதைக் கால்களுக்கு ரத்தம் திறந்துவிட்ட பிறகு ஒரு முறை அளக்க வேண்டும். உள் இலியாக் வழியாக மலக்குடலிலிருந்து மேலேறி வரும் பங்கு அப்போதுதான் சேரும். கிளாம்ப் இருக்கும்போது 30 காட்டியது திறந்த பிறகு 50 ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தைத்து இணைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 2006-ல் சீட்டுக் குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு வந்தது, ஒரு குழுவுக்கு இணைத்து, மறு குழுவுக்குக் கட்டி. மொத்தத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. வயதானவர்கள், அதிக ரத்தம் இழந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் பலன் இருக்கலாம் என்ற அளவில் நின்றது. எனவே ஆள் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

#9 ஊசிமுனை

அருமையான எண். ஆனால் அது ஒரு நிமிடத்தின் எண். அடுத்த 36 மணிநேரத்துக்கு அது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் ஒரு காலத்தில் டோனோமீட்டரைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். இப்போது படிப்பவர்கள் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிலிக்கோன் பலூன் ஒன்றை, மயக்கம் கொடுத்த பிறகு, துணி போர்த்தும் முன், ஆசனவாய் வழியாகச் சிக்மாய்டு வரை ஏற்றிவைக்க வேண்டும். பலூனில் சலைன். உட்சவ்வில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பலூனுக்குள் கசிந்து சமநிலைக்கு வரும். அந்தச் சலைனை உறிஞ்சி, ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் மெஷினில் போட்டு, தமனியின் பைகார்பனேட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உட்சவ்வின் பிஎச் கிடைக்கும். 1986-ல் ஃபிடியன்-கிரீன் குழு, பெருந்தமனி அறுவை செய்த நாளிலேயே சிக்மாய்டு பிஎச்-ஐ வைத்துப் பிரச்சினையை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காட்டியது. அவர்கள் வைத்த கீழ் எல்லை 6.86. பிற்பாடு ஸ்வீடனில் பியோர்க்கும் கூட்டாளிகளும் நிறைய வேலை செய்தார்கள். 7.1-க்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் கவலைப்படு என்பதுதான் நடைமுறையில் நின்ற எல்லை.

ஏன் கார்பன் டை ஆக்சைடு? ஓட்டம் குறைந்தால் இரண்டு வழியில் அது ஏறும். கழுவிக்கொண்டு போக ரத்தம் இல்லாமல் தேங்கும். அதையும் தாண்டி ஆக்சிஜனே போதாமல் போனால் அமிலம் உண்டாகும், பைகார்பனேட் அதை அடக்கும்போது இன்னும் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். நோயின் முதல் படியிலேயே கண்ணில் படும் அடையாளம் இது.

தொல்லைகளும் உண்டு. சலைன் சமநிலைக்கு வர அரைமணி முதல் ஒன்றரை மணிநேரம். கேஸ் மெஷின்கள் ரத்தத்துக்காகச் செய்தவை, சலைனில் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும். பிறகு காற்றை வைத்து 10 நிமிடத்துக்கொரு முறை தானே அளக்கும் கருவி வந்து இந்தத் தலைவலி குறைந்தது. ஆனால் பயன்படுத்துவோர் குறைந்து, இன்று அது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது.

#10 மூன்றாமாண்டு_மயக்கம்

பிஎச் பார்ப்பதா, உட்சவ்வுக்கும் தமனிக்கும் உள்ள கார்பன் டை ஆக்சைடு இடைவெளி பார்ப்பதா? புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது, எது நல்லது என்று இல்லை.

#11 ஊசிமுனை

இடைவெளி. கணக்காகவே காட்டுகிறேன்.

முதல் ஆள்: உட்சவ்வில் கார்பன் டை ஆக்சைடு 70, தமனியில் 40, பைகார்பனேட் 22. பிஎச் 7.12 வரும். இரண்டாவது ஆள்: உட்சவ்வில் 50, தமனியில் 45, பைகார்பனேட் 16. பிஎச் 7.13. பிஎச்-ஐ மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். ஆனால் முதல் ஆளின் இடைவெளி 30, அவர் குடல் திணறுகிறது. இரண்டாவது ஆளின் இடைவெளி 5. அவருடைய பைகார்பனேட்டைக் குறைத்தது கால்களிலிருந்து கழுவி வந்த அமிலம், குடல் பாட்டுக்கு இருக்கிறது. தமனி பைகார்பனேட்டும் திசு பைகார்பனேட்டும் ஒன்றே என்ற அனுமானத்தில் நிற்பது பிஎச். பெருந்தமனி அறுவையில் அந்த அனுமானம்தான் முதலில் உடையும்.

#12 ஒளியலை

மருத்துவன் அல்ல, உயிர்மருத்துவப் பொறியாளன். ஒளியை வைத்து அளக்கும் கருவிகளோடு காலம் தள்ளுகிறேன். இழையில் இன்னும் அது வரவில்லை என்பதால் நுழைகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கிருமிநீக்கிய உறைக்குள் போட்டுக் குடல்மேல் வைப்பவர்கள் உண்டு. அது துடிப்பை நம்பி இயங்கும் கருவி. கிளாம்ப் போட்டுத் துடிப்பு அடங்கிய நேரத்தில், அதாவது உங்களுக்கு எண் தேவைப்படும் அதே நேரத்தில், அது வெறும் கோடு காட்டும். குடலில் ரத்தம் இல்லை என்றா, துடிப்பு மட்டும் இல்லை என்றா, தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்து அளக்கும் முறைக்குத் துடிப்பு வேண்டாம். ஹீமோகுளோபின் அந்த ஒளியை வெறியோடு விழுங்கும் என்பதால் ஒளி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. இங்கே அதுவே வரம்: மலக்குடல் வழியாக மெல்லிய கம்பியை ஏற்றி உட்சவ்வில் ஒட்டவைத்தால் உட்சவ்வை மட்டும் படிக்கும். சில நொடிகளில் புது எண். கிளாம்ப் போட்டதும் விழும், எடுத்ததும் ஏறும், கண்ணெதிரே பார்க்கலாம். ஆனால் அது நுண்குழாய்களில் இருக்கும் ரத்தத்தின் எண், சிரைப் பங்கு அதிகம். நல்ல குடலிலேயே 60, 70 என்றுதான் காட்டும். 98 எதிர்பார்த்துப் பதறாதீர்கள். மலம் ஒட்டியிருந்தாலோ கம்பி மடிந்து சுவரை அழுத்தினாலோ பொய் சொல்லும்.

மூளைக்கு நெற்றியில் ஒட்டுகிறீர்களே, அது அருகு அகச்சிவப்பு. சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே போகும். பெரியவர்களின் வயிற்றில் ஒட்டினால் கொழுப்பையும் தசையையும் தாண்டி எந்தக் குடலைப் படிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தைகளில் வயிற்றுச் சுவர் மெலிது, அங்கே கதை வேறு.

லேசர் டாப்ளர் ஓட்டத்தையே அளக்கிறது, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அலகு இல்லாத எண், அதே இடத்தில் முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் உதவும். குடல் ஒருமுறை நெளிந்தால் எண் ஆடிவிடும். ஆய்வுக்கூடத்தில் பிரமாதம்.

#13 தையல்_நூல்

ஐசிஜி பச்சைச் சாயத்தை விட்டுவிட்டீர்கள்! குடல் இணைப்பு அறுவையில் தினமும் பயன்படுத்துகிறோம். சிரையில் ஊசி, ஒரு நிமிடத்துக்குள் குடல் திரையில் ஒளிர்கிறது. ஒளிராத இடம் இருண்டு கிடக்கும். கண்ணுக்குப் பிங்க்காகத் தெரிந்த இடம் திரையில் இருட்டாக இருந்து, வெட்டும் கோட்டையே மாற்றியிருக்கிறேன்.

#14 ஒளியலை

உண்மை, எனக்கும் பிடித்த முறை. 800 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சி 830 பக்கம் ஒளிரும், சில மில்லிமீட்டர் ஆழம் வரை தெரியும். கல்லீரல் நிமிடங்களில் வெளியேற்றிவிடும், அரையாயுள் 3 முதல் 4 நிமிடம். இரண்டு எச்சரிக்கை. "ஒளிர்கிறது" என்பது போதாது, எவ்வளவு சீக்கிரம் ஒளிர்ந்தது என்று பார்க்க வேண்டும். பக்கவழியில் மெதுவாக வந்து சேரும் சாயமும் இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டாவது, சாயம் போட்டதும் விரல் ஆக்சிமீட்டர் சில நொடிகள் விழுந்து எழும், நெற்றிப் பட்டையும் உளறும். மயக்கவியலாளரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

#15 ஊசிமுனை

சொல்லாமல் போட்டார்கள் ஒரு முறை. என் ஆயுளில் இரண்டு வருடம் போனது.

#16 பம்ப்_ஆள்

பெர்ஃப்யூஷன், அதாவது அறுவையின்போது ரத்தம் செலுத்தும் பம்ப்பை ஓட்டுபவன். இங்கே எல்லோரும் சிறுநீரகத்துக்குக் கீழே நின்று பேசுகிறீர்கள். நெஞ்சிலிருந்து வயிறு வரை போகும் அனூரிசத்தில், கிராஃபோர்டு இரண்டாம் வகையில், இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் போகும் சீலியாக் தமனி, எஸ்எம்ஏ, இரண்டு சிறுநீரகம் எல்லாம் கிளாம்புகளுக்கு நடுவே மாட்டும். அங்கே ஆபத்து சிக்மாய்டுக்கு மட்டுமல்ல, முழுக் குடலுக்கும்.

இடது இதய பைபாஸில் நுரையீரல் சிரையிலிருந்து எடுத்துத் தொடைத் தமனியில் கொடுப்போம். மேல் பகுதி தைக்கும்வரை கீழே பாதி உடம்புக்கு ரத்தம் இருக்கும். கிளாம்ப் குடல் தமனிகளின் மட்டத்துக்கு இறங்கியதும் பையைத் திறந்து, பலூன் முனை உள்ள கதீட்டர்களைச் சீலியாக்கிலும் எஸ்எம்ஏ-விலும் செருகுவார்கள். பம்ப்பின் ஒரு கிளையிலிருந்து நிமிடத்துக்குச் சில நூறு மி.லி. போகும்.

இப்போது என் புலம்பல். என் திரையில் ஓட்டம் 300 என்று இருக்கிறது. எல்லோரும் திருப்தி. கதீட்டர் ஓர் அங்குலம் உள்ளே நழுவி, எஸ்எம்ஏ-வின் முதல் கிளைகளைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் மேற்பகுதிக் குடலுக்கு ஒன்றும் போகாது, என் எண் அதே 300-தான். குழாய் அழுத்தம் திடீரென ஏறினால் நுனி சுவரில் முட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். ஏறாமல் நழுவினால் எனக்குத் தெரிய வழியே இல்லை. நான் அனுப்புவதை அளக்கிறேன். போய்ச் சேர்ந்ததை அளப்பவர் யார்?

#17 எக்கோ_விரும்பி

உணவுக்குழாய் எக்கோவில் ஓரளவு பார்க்கலாம். முனையை வயிற்றுக்குள் இறக்கிப் பின்பக்கம் திருப்பிப் பெருந்தமனியைத் தொடர்ந்தால் சீலியாக் வரும், ஓரிரு சென்டிமீட்டர் கீழே எஸ்எம்ஏ வாய். பெருந்தமனி கிழிதல் கேஸ்களில் பொன்னான தகவல்: உள்சவ்வு மடல் எஸ்எம்ஏ வாயை மூடுகிறதா, பம்ப் தொடங்கியதும் ஓட்டம் நின்றதா என்று அந்த நிமிடமே தெரியும். எல்லோருக்கும் படம் கிடைக்காது. கிடைத்தாலும் வாயைத்தான் பார்க்கிறோம், உட்சவ்வை அல்ல.

#18 அப்பாவின்_மகள்

மன்னிக்கவும், நான் மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு இந்த அறுவை முடிந்து இரண்டாம் நாள். வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது, ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அர்த்தமா? படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது.

#19 இரவுப்பணி_செவிலி

பயப்படாதீர்கள் அம்மா. அந்தக் கேமரா தவறு நடந்ததற்கான சான்று அல்ல. வெளியிலிருந்து தெரியாத ஒன்றை உள்ளிருந்து நேராகப் பார்க்கச் செய்வது. சந்தேகம் துளி இருந்தாலும் செய்யும் குழுதான் நல்ல குழு. பெரும்பாலும் படுக்கையிலேயே முடிந்துவிடும். எதற்காகப் பார்க்கிறீர்கள், என்ன தெரிந்தது என்று அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள், சொல்வார்கள்.

மற்றவர்களுக்கு. நீங்கள் எல்லோரும் அறுவை அரங்கின் கதவு வரை வந்து நின்றுவிட்டீர்கள். அதற்கு அப்புறம் எங்களிடம் வருகிறார்கள்.

நாங்கள் பார்ப்பது இவை. முதல் மலம் எப்போது? வயிறு திறந்த அறுவைக்குப் பிறகு குடல் இரண்டு மூன்று நாள் தூங்கும். முதல் இரண்டு நாளுக்குள் கழிந்தால், ரத்தம் இல்லாவிட்டாலும், நான் போனை எடுப்பேன். ரத்தம் எல்லோருக்கும் வராது, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இடது கீழ் வயிற்று வலியை எபிடூரல், முதுகு வழியாகப் போகும் வலிமருந்து, மறைத்துவிடும், அதனால் "வலி இல்லை" என்பதை நம்பக் கூடாது. பிபி-யைப் பிடித்து நிறுத்த ஒவ்வொரு மணியும் திரவம் கூடிக்கொண்டே போகிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா.

அப்புறம் வயிற்று அழுத்தம். சிறுநீர்க் குழாய் வழியாக 25 மி.லி. சலைன் விட்டு, மல்லாந்து படுக்கவைத்து, மூச்சு வெளிவிட்ட முடிவில் அளக்க வேண்டும். 12-க்கு மேல் என்றால் கவனம். 20-க்கு மேல் நின்று கூடவே ஓர் உறுப்பு புதிதாகத் தளர்ந்தால் வயிற்றைத் திறக்கும் பேச்சு. சராசரி பிபி 70, வயிற்று அழுத்தம் 22 என்றால் குடலுக்கு மிச்சம் 48-தான். திரையில் 70 பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

#20 பழைய_கிளாம்ப்

சிஸ்டர் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு, உடைந்த அனூரிசம். ஷாக்கில் வந்தார். எப்படியோ தைத்து முடித்தேன். ஐஎம்ஏ நன்றாகத் திரும்பி வந்தது, கட்டினேன். மூடும்போது குடல் முழுக்கப் பிங்க், ஒவ்வொரு அடியையும் கையில் எடுத்துப் பார்த்தேன், சத்தியமாகப் பிங்க். இரவு பிபி விழுந்தது. நார்அட்ரினலின் ஏற்றினார்கள், போதாமல் வாசோபிரெசினும் சேர்த்தார்கள். காலையில் பிபி அழகாக இருந்தது. வாசோபிரெசின் குடல் தமனிகளை எப்படி இறுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எண் நன்றாக இருந்ததால் யாரும் வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை, நான் உட்பட. 36 மணிநேரம் கழித்துத் திறந்தபோது இடது பெருங்குடல் முழுக்கக் கருப்பு. வெட்டி எடுத்தேன். அவர் பிழைக்கவில்லை.

நான் அரங்கில் பார்த்தது பொய்யில்லை. அந்த நேரத்தில் குடல் உயிரோடுதான் இருந்தது. ஸ்வீடன் பதிவேட்டிலிருந்து 1996-ல் வந்த கணக்கில் 2930 அறுவைகளில் 2.8 சதவீதம் பேருக்குக் குடல் பாதிப்பு, உடைந்து ஷாக்கில் வந்தவர்களுக்கு 7.3. அந்த 7.3-ல் எத்தனை பேருடைய குடல் மூடும்போது பிங்க்காக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு உடைந்த அனூரிசம் எதுவானாலும் 24 மணிநேரத்துக்குள் சிக்மாய்டோஸ்கோப்பி கேட்டு எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

#21 ஊசிமுனை

நன்றி சார். அந்த ஸ்கோப்புக்கும் ஓர் எல்லை உண்டு: வெளுப்பும் புண்ணும் தெரியும், ஆனால் சுவர் எவ்வளவு ஆழத்துக்குச் செத்திருக்கிறது என்று உள்ளிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. லேசாகத் தெரிந்தால் 12 மணிநேரத்தில் மறுபடி பார்க்கிறோம். கருப்பாக இருந்து ஆளும் சரிந்துகொண்டிருந்தால் மறுபடி பார்ப்பதில் அர்த்தமில்லை, திறக்க வேண்டியதுதான்.

#22 தையல்_நூல்

வயிற்றைத் திறக்காமல் தமனியின் உள்ளிருந்து ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கும் முறையில்?

#23 பழைய_கிளாம்ப்

அங்கே பாதிப்பு குறைவு, ஆனால் வந்தால் தெரிவது கடினம். ஐஎம்ஏ வாய் மூடித்தான் போகும். வயிறு திறக்காததால் பார்க்க ஒன்றும் இல்லை. கம்பிகள் உரசிப் பையின் உள்படிவு துகளாக உடைந்து போய் அடைப்பதும் உண்டு, அதற்கு எந்தப் பக்கவழியும் துணைக்கு வராது. உள் இலியாக்கைக் காப்பாற்றுங்கள், மற்றதைச் சிஸ்டரிடம் விடுங்கள்.

#24 மூன்றாமாண்டு_மயக்கம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இன்னொரு கேஸ், இதுவும் சிறுநீரகத்துக்குக் கீழே. சிடி-யில் ஐஎம்ஏ பெரிதாகத் திறந்திருந்தது. கத்தி வைக்கும் முன் நடக்கும் சரிபார்ப்பில், கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டேன்: "ஐஎம்ஏ அழுத்தம் அளக்கலாமா? 40-க்குக் கீழே வந்தால் என்ன செய்வோம்?" சர்ஜன் ஒரு நொடி பார்த்துவிட்டு "தைத்து இணைப்பேன்" என்றார். பலகையில் எழுதிவைத்தார்கள்.

டிரான்ஸ்டியூசர் குழாயைத் திரைக்கு மேலே வீசிக் கொடுத்தேன். கால்களைத் திறந்த பிறகு சராசரி 34, உடலில் 82. விகிதம் 0.41, அழுத்தம் மட்டும் கோட்டுக்குக் கீழே! ஒன்று இப்படி, ஒன்று அப்படி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "உங்களுக்குத்தானே சந்தேகம், வாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தைத்தார். கூடுதலாக 20 நிமிடம் ஆனது.

#25 ஊசிமுனை

நானாக இருந்தாலும் தைத்திருக்கச் சொல்வேன்.

#26 இரவுப்பணி_செவிலி

முதல் மலம் எப்போது?

#27 மூன்றாமாண்டு_மயக்கம்

நான்காம் நாள், சிஸ்டர். சாதாரணம்.